நான் மறைத்த ஓடை

மனை வியாபாரி ஒருவரைப் பழிவாங்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடு நான் ஏறக்குறைய ஆறு மாதம் இருந்தேன். பல் துலக்கும்போது அவர் முகம் வரும். சோறு வடிக்கும்போது வரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, நான் பைபிளின் கடைசி வெள்ளைத்தாளில் அந்த ஆளுடைய மனைப்பிரிவின் எல்லையைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ பிரசங்கக் குறிப்பு எடுக்கிறேன் என்று மெச்சுவதுபோலத் தலையசைத்தார்.

மில்லர்புரத்தில் ஒரு மாடி வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் வாத்தியார் வேலை பார்த்தவர்கள், இப்போது இல்லை. எனக்கென்று இருப்பது ஓர் அக்கா. அவளும் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். அத்தானுக்குத் துறைமுகத்தில் சரக்குகளுக்கான ஆவணங்களைத் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை. அவர்களுக்கு ஒரே மகள். நான் மட்டும்தான் குடும்பத்தில் கம்ப்யூட்டர் பக்கம் போனவள். சென்னையில் சில வருடம் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி, வீட்டிலிருந்து வேலை செய்கிறேன்.

வேலை என்றால் வலைத்தளங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது. போனில் எல்லோரும் பார்க்கிற செயற்கைக்கோள் படம் அடியில் இருக்கும். அதன்மேல் ஜாவாஸ்கிரிப்ட்டில் நான் வடிவங்களை வைப்பேன். ஒரு மனைக்கு நான்கு மூலை இருந்தால் நான்கு மூலைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதிக் கொடுத்தால் போதும். அந்த நான்கையும் இணைத்து ஒரு கட்டம் தானாக எழும்பி நிலத்தின்மேல் உட்கார்ந்துவிடும். அது வெறும் படமாக இருந்தால் அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் விரல் படுவது தெரியும். தொட்டால் அதன் ஓரம் மஞ்சளாகும், மேலே ஒரு சின்னப் பெட்டி திறந்து மனை எண், எந்தத் திசை பார்த்தது, ரோடு எத்தனை அடி என்று சொல்லும். முதல்முதலாக ஒன்று அப்படிச் சரியாக வேலை செய்தபோது நான் கை தட்டியது எனக்கு நினைவிருக்கிறது, அறையில் வேறு யாரும் இல்லை.

அந்த மனை வியாபாரி என்னைத் தேடி வந்தது அந்த வேலைக்காகத்தான். நகரத்துக்கு மேற்கே, பைபாஸைத் தாண்டி ஒரு மனைப்பிரிவு போட்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரிப்பு. ஊரே அவரை அண்ணாச்சி என்றது. நானும் அண்ணாச்சி என்றேன். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். "தங்கச்சி, வாங்குறவன் வீட்ல சோபால உக்காந்துக்கிட்டே எனக்கு இந்த மனை வேணும்னு தொட்டுக் காட்டணும். அப்படி ஒண்ணு செஞ்சு குடு" என்றார்.

முதல் நாள் போட்டுப் பார்த்தபோது அவருடைய மனைகளில் ஒன்றுகூடத் திரையில் இல்லை. வரைபடத்தைச் சுருக்கிச் சுருக்கித் தேடினேன். கடைசியில் நார்வேக்கும் மேலே, பனிக்கடலில் ஒரு புள்ளியாகக் கிடந்தன. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வரிசை மாற்றி எழுதியிருந்தேன். இந்த வேலையில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அங்கன விலை கூடுதலா இருக்குமே தங்கச்சி, அங்கனயே கெடக்கட்டும்" என்றார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமாகக் கதை சொன்னதாகாது.

எண்களைத் திருப்பி எழுதியதும் மனைகள் ஊருக்கு வந்துவிட்டன, ஆனால் சரியாகப் பொருந்தவில்லை. ரோட்டிலிருந்து சில அடி விலகி நின்றன. பொருத்துவதற்கு அந்தக் கிராமத்தின் பழைய சர்வே வரைபடத்தை வாங்கி, ஸ்கேன் செய்து, அதில் மாறாமல் நிற்கிற கோடுகளை முதலில் வரைந்தேன். ரோடு, குளத்துக் கரை, ஓர் ஓடை. ஓடையை நீல நிறத்தில் போட்டேன். மேற்கே உள்ள குளம் நிறைந்தால் வெளியேறும் தண்ணீருக்கான ஓடை அது. வளைந்து வந்து, மனைப்பிரிவுக்குள் நுழைந்து, நடுவாக்கில் ஒரு வரிசை மனைகளை அறுத்துக்கொண்டு கிழக்கே போயிற்று.

அவர் அலுவலகத்தில் லேப்டாப்பைத் திறந்து காட்டியபோது முதலில் அதைத்தான் பார்த்தார்.

"அது என்ன நீலமா ஓடுது?"

"ஓடை அண்ணாச்சி. சர்வே மேப்புல இருக்கு."

"அதுல தண்ணி வந்து எவ்வளவு காலமாச்சு தெரியுமா? ஆடுல்லா மேய்ஞ்சிக்கிட்டுக் கெடந்துச்சு. மண்ணடிச்சு நெரத்தி, ரோட்டுக்குக் கீழ பெரிய குழாய் வச்சிருக்கேன். இதப் போயி வாங்குறவன்கிட்ட காட்டி அவன எதுக்குப் பயமுறுத்தணும்? எடுத்துரு."

"எடுத்துருதேன் அண்ணாச்சி" என்றேன்.

வாதாடவில்லை. இரண்டாவது கேள்விகூடக் கேட்கவில்லை. ஓடையை வரைபடத்தில் சேர்ப்பது நிரலில் ஒரே ஒரு வரி. அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். அவர் எதிரிலேயே போட்டேன். பக்கத்தை மறுபடி திறந்தேன். நீலம் போய்விட்டது. பச்சைக் கட்டங்கள் வரிசையாக, அழகாக இருந்தன. "இப்பதான் லட்சணமா இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து அக்கா வந்தாள். நான் அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். போனை நீட்டினாள். என்னுடைய வரைபடம் அதில் திறந்திருந்தது. ஒரு கட்டத்தைத் தொட்டு மஞ்சளாக்கிக் காட்டினாள்.

"ஏளா, இது நீ போட்டதாம்லா? அத்தான் ஆபீஸ்ல எல்லாரும் பாக்குதாங்க. கிழக்குப் பாத்த மனை. எங்களுக்குப் பிடிச்சிருக்கு. இடம் எப்படி, வாங்கலாமா?"

அது ஓடை போகிற வரிசை. எனக்குத் தெரியும். கத்தி ஒரு நிமிடம் நின்றது. பிறகு, "அப்ரூவல் எல்லாம் இருக்கு அக்கா" என்றேன். பொய் இல்லை, அப்ரூவல் இருந்தது. தண்ணீர் வராத ஓடை, குழாய் வேறு வைத்திருக்கிறார், இதைச் சொல்லி அவளை எதற்குக் குழப்ப வேண்டும் என்று நினைத்தேன். அவர் சொன்ன அதே வார்த்தைகள் என் மனசுக்குள் என் குரலில் ஓடின. அதோடு, என் அக்காவே என் வரைபடத்தைத் தொட்டு மனை வாங்குகிறாள் என்ற பெருமையும் இருந்தது.

வீடு கட்டிக் குடிபோன இரண்டாவது வருடத்து டிசம்பரில் அந்த மழை பெய்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எந்த மழை என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் அக்கா போன் செய்தாள். முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது என்றாள். அரைமணி நேரத்தில் மறுபடி செய்தாள். தண்ணீர் நிற்கவில்லை, ஓடுகிறது என்றாள். "மேற்க இருந்து சுவரு மாதிரி வருது ளா" என்றாள். அதற்குப் பிறகு போன் போகவில்லை.

குளம் உடைந்திருந்தது. தண்ணீர் தன் பழைய வழியிலேயே வந்தது. சாலைக்கடியில் அவர் வைத்த குழாய் முதல் ஒரு மணி நேரத்திலேயே குப்பையும் முள்ளும் அடைத்து நின்றுபோனதாகப் பிறகு தெரிந்தது. மதியத்துக்குள் இடுப்பளவு. அக்காவும் மகளும் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த பெட்டியை எடுக்க அத்தான் கீழே இறங்கியிருக்கிறார். கலங்கல் தண்ணீருக்குள் கட்டுமானக் கம்பி ஒன்று கிடந்து காலைக் கிழித்துவிட்டது. மறுநாள் பகலில், கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த பைபர் படகுகளில் ஒன்று அவர்களை இறக்கியது. மீன் பிடிக்கிற படகு, மனை எண் பதித்த கற்களுக்கு மேலே மிதந்து வந்து, என் அக்காவை மொட்டை மாடியிலிருந்து வாங்கிக்கொண்டது. வண்டி போக முடியாமல் பைபாஸில் நின்றுகொண்டிருந்த நான் அவர்கள் கரையேறியதைப் பார்த்தேன். மகள் சான்றிதழ்ப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். உள்ளே எல்லாம் கூழாகிப்போயிருந்தது.

அத்தானுக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. புண் ஆறவில்லை. ஜனவரியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நானும் அக்காவும் அந்த அண்ணாச்சியைப் பார்க்கப் போனோம். உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். அக்கா கோபப்படவில்லை. அவள் சுபாவம் அப்படி. "அங்க ஓடை இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது அண்ணாச்சி. யாருமே சொல்லல" என்று மட்டும் சொன்னாள்.

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும்தான். பிறகு அக்காவிடம் திரும்பி, "இயற்கைம்மா. கடல் பொங்குனா கடல்கிட்ட போயா கேக்க முடியும்? உங்க வீட்டுக்காரர நெனச்சா எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. அடுத்த புராஜெக்டுல உங்களுக்குன்னு ஒரு நல்ல மனை ஒதுக்கித் தாரேன்" என்றார்.

டீயை நான் குடிக்கவில்லை. வெளியே வந்ததும் அக்கா, "பாவம், அவரு என்ன செய்வாரு" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருடைய சிரிப்பு என் வாயைக் கட்டியிருந்தது. நான் உண்மையைச் சொன்னால் அவர் மட்டும் மாட்டமாட்டார். அவருக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

அன்றிலிருந்துதான் அந்த ஆறு மாதம். அவருடைய பெயரில் வருகிற விளம்பரங்களையெல்லாம் சேர்த்து வைத்தேன். அவர் கார் எண்ணைத் தெருவில் பார்த்தால் நின்று கவனிப்பேன். அவர் வீட்டுக்குள் ஒருநாள் தண்ணீர் புக வேண்டும், அவர் மெத்தையும் அக்கா வீட்டு மெத்தைபோல ஊறிப் புடைக்க வேண்டும் என்று ஜெபம் மாதிரியே நினைத்திருக்கிறேன்.

பிறகு அவரே போன் செய்தார்.

"தங்கச்சி, குலசேகரன்பட்டினம் பக்கம் புதுசா போடுதேன். ராக்கெட் தளம் வருதுல்லா, எல்லாரும் அங்கனதான் கேக்குறாங்க. போன தடவ மாதிரியே ஒரு மேப்பு வேணும். அதவிட நல்லா வேணும். திறப்பு விழால பெரிய திரைல போடணும்."

அவருக்கு எவ்வளவு நம்பிக்கை பாருங்கள். என் வாயை அடைத்தாயிற்று, இனி நான் அவருடைய ஆள் என்று நினைத்துவிட்டார். "செஞ்சிருதேன் அண்ணாச்சி" என்றேன். போனை வைத்த கையோடு அந்த ஊரின் சர்வே வரைபடத்துக்கு விண்ணப்பம் போட்டேன்.

இடத்தைப் பார்க்க அவர் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். தேரி என்கிற செம்மணல் மேடு, நடுவே பனைகள், தூரத்தில் கடல். சர்வே கல் நட்டு வெள்ளை அடித்திருந்தார்கள். ஓர் இடத்தில் தரை பள்ளமாகி, மணல் அலை அலையாக ஒதுங்கிக் கிடந்தது. தண்ணீர் ஓடிய தடம். நான் அங்கே நின்று போனில் அந்த இடத்தின் எண்களைக் குறித்துக்கொண்டேன். "என்ன தங்கச்சி எழுதுத?" என்றார். "மூலை சரியா விழணும்லா அண்ணாச்சி" என்றேன். வீட்டுக்கு வந்து சர்வே வரைபடத்தை அடியில் போட்டுப் பார்த்தேன். இருந்தது. ஓடை என்றே எழுதியிருந்தது. எட்டு மனைகளுக்குள்ளே புகுந்து போயிற்று.

அந்த வரைபடத்துக்கு நான் உழைத்ததுபோல வேறு எதற்கும் உழைத்ததில்லை. அவர் அதைப் பெரிய திரையில் போட்டே தீர வேண்டும்; அந்த அளவுக்கு அது அழகாக இருக்க வேண்டும். முதலில் கடலும் கடற்கரையும் முழுதாகத் தெரியும். அப்புறம் மெதுவாக இறங்கிவந்து மனைப்பிரிவின்மேல் நிற்கும். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பும். விரல் பட்டால் கட்டம் சற்று முன்னால் எழுந்து வருவதுபோல நிழல் கொடுத்தேன். அவரிடம் காட்டியபோது வாயைத் திறந்தபடி பார்த்தார். "என் தங்கச்சி கெட்டிக்காரி" என்று அலுவலகத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

அவருக்குக் காட்டியதில் ஓடை இல்லை. விழா அன்று காலை குளித்துவிட்டு, காபி குடித்துவிட்டு, ஓடை உள்ள வரைபடக் கோப்பைத் தளத்தில் ஏற்றினேன். தூரத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. ஒரு மனையைத் தேர்ந்தெடுக்க யாராவது கிட்டப் போனால் மட்டும் நீலம் தோன்றும். மற்ற எல்லா வடிவங்களுக்கும் மேலே வந்து நிற்கும். நீலத்தைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கும். அதில் சர்வே எண்ணும், முந்தைய மனைப்பிரிவில் ஓடையை மூடியதால் என்ன ஆயிற்று என்று ஒரு வரியும், ஒரு புகைப்படமும். தண்ணீர் வடிந்த அன்று நான் எடுத்த புகைப்படம். அக்கா வீட்டு வாசல்.

அக்காவுக்கு முதல்நாளே போன் செய்திருந்தேன். "நாளைக்கு லீவு போட்டுட்டு வா அக்கா. ஒரு வேடிக்கை காட்டுதேன்."

"என்ன வேடிக்கை?"

"வந்து பாரேன்."

கல்யாண மண்டபத்தில் விழா. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு டப்பா மக்ரூன் இனிப்புக் கொடுத்தார்கள். மேடையில் மேசைமேல் ஒரு தொடுதிரை; அதில் செய்வது பின்னால் சுவரளவு பெரிய திரையில் தெரியும். அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஓரமாக, தூணுக்குப் பக்கத்தில். அவர் மைக்கைப் பிடித்து ராக்கெட்டைப் பற்றிப் பேசினார், வரப்போகும் ரோடுகளைப் பற்றிப் பேசினார். பிறகு வரைபடம் கடலிலிருந்து இறங்கி வந்தது. கூட்டம் கை தட்டியது. "யாராவது ஒருத்தர் மேல வந்து உங்களுக்குப் பிடிச்ச மனைய நீங்களே தொடுங்க" என்றார்.

பெரியதாழையிலிருந்து புருஷனோடு வந்திருந்த ஓர் அம்மா எழுந்து போனார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு விரலால் தயங்கித் தொட்டார். பெரிதாக்கிப் பார்த்தார். நீலம் வந்தது.

சுவரளவு திரையில், பச்சைக் கட்டங்களுக்கு மேலே, ஓடை முழுசாக வளைந்து கிடந்தது. "இது என்னது?" என்று அந்த அம்மா அதையே தொட்டார். பெட்டி திறந்தது.

லேப்டாப்பில் பார்த்தபோது அந்தப் புகைப்படம் கட்டைவிரல் அகலம். வாசலில் நின்ற உருவம் யாரென்றே தெரியாது என்று நினைத்திருந்தேன். பெரிய திரையில் அக்கா ஆளுயரத்துக்கு நின்றாள். தலைமுடி அவிழ்ந்து, நனைந்த நைட்டியோடு, ஊறிப்போன மெத்தையை இரண்டு கையாலும் இழுத்தபடி, வாய் கோணி அழுதுகொண்டு. முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

மண்டபம் அமைதியாயிற்று. அந்த அமைதிக்காகத்தான் ஆறு மாதம் காத்திருந்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை முதல்தடவையாகப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரியதாழை அம்மா வேறு, "எங்க மதினி வீட்டுக்கு இந்த வழியாத்தான் போவேன். மழைனா இங்கன தண்ணி ஓடும், நானே பாத்திருக்கேன்" என்று மைக்குப் பக்கத்தில் நின்றே சொல்லிவிட்டார். அது எல்லோருக்கும் கேட்டது. பின்வரிசைகளில் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

அவர் கொஞ்ச நேரம்தான் தடுமாறினார். மைக்கை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை.

"நல்லது. தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான். இந்த மேப்பப் போட்டது அந்தா தூண் பக்கத்துல நிக்கே, அந்தத் தங்கச்சிதான். முதல் புராஜெக்டுக்கு மேப்புப் போட்டதும் அதுதான். அந்த மேப்புல இருந்து ஓடைய எடுத்தது யாரு? நானா? எனக்குக் கம்ப்யூட்டரத் தொடவே தெரியாது. போட்டோல நிக்கிறது அது கூடப்பொறந்த அக்கா. இங்கதான் உக்காந்திருக்காங்க. ஓடை இருக்குன்னு தங்கச்சி சொல்லிச்சாம்மா உங்ககிட்ட?"

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் ஓர் அக்கா, நாற்காலியில் ஓர் அக்கா. அவள் என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டியிருந்தால்கூட நம்பியிருப்பாள். என்னால் தலையை அசைக்க முடியவில்லை. அவள் மக்ரூன் டப்பாவை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னால் ஓடினேன். அதற்குள் அவள் ஏறிய பஸ் நகர்ந்துவிட்டது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் அவனத்தான்..."

"அன்னைக்கு உன்கிட்டதான ளா வந்து கேட்டேன்? வேற யாருகிட்டயும் கேக்கல. நீ வெங்காயம் வெட்டிக்கிட்டு இருந்த. அப்ரூவல் இருக்குன்ன."

"தண்ணி வராதுன்னு நானும்தான் நம்புனேன்."

"நம்புனா சொல்லியிருக்கலாம்லா. ஓடை இருக்கு, ஆனா தண்ணி வராதுன்னு சொல்லியிருக்கலாம்லா." ஒரு சட்டையை மடித்தாள், அவிழ்த்தாள், மறுபடி மடித்தாள். "நைட்டியோட என்னைய ஊரே பாக்கும்படி நிறுத்திட்ட. என் ஸ்கூல் பிள்ளைங்க அம்மா அப்பா எத்தன பேரு அங்க இருந்தாங்க தெரியுமா? என்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல."

அத்தான் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "விடு. மேப்புல ஓடை இருந்திருந்தாலும் நான் வாங்கியிருப்பேன். எடம் எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துது" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவரும் வாயை மூடிக்கொண்டார். அவருடைய வலது கால் வெள்ளைத் துணிக்கு வெளியே தெரிந்தது. நான் கிளம்பினேன்.

வெளியுலகத்தில் நடந்தது வேறு. விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அன்றே எழுந்து போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பெரியதாழைக்காரர்கள் சிலர் சேர்ந்து தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். அளக்க ஆள் வந்தது. கடைசியில் அந்த எட்டு மனைகளையும் விற்கக் கூடாது என்று ஆயிற்று; ஓடை திறந்தே கிடக்கிறது. மீதியை அவர் விற்றுவிட்டார். ஒரு மாதம் தலைமறைவாக இருந்தார் என்றார்கள், பிறகு அதே வெள்ளைச் சட்டையோடு சுற்ற ஆரம்பித்தார். என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவைத்தார். எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் காரணம் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் அழியவில்லை. அழிந்திருந்தால் என் கோபம் ஒருவேளை அடங்கியிருக்கும். அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேலும் திரும்பியது, ஆனால் அதனால் அவர்மேல் குறைந்துவிடவில்லை. அது வளர்ந்துதான் இருக்கிறது. என்னை எடுக்கச் சொன்ன வாய் அவருடையது. எடுத்த கை என்னுடையது. இதில் எது பெரியது என்று யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன்.

அதனால் ஒரு வேலையை ஆரம்பித்தேன். இந்த முறை யாரையும் ஏமாற்றாமல், என் சொந்தப் பெயரில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஒரு வரைபடம். எங்கள் பக்கத்து ஊர்களின் சர்வே வரைபடங்களை ஒவ்வொன்றாக வாங்கி, ஓடைகளையும் கால்வாய்களையும் குளங்களையும் நீலமாக வரைந்து, அவற்றின்மேல் விற்பனைக்கு வந்திருக்கும் மனைப்பிரிவுகளை வைக்கிறேன். யாருடைய வீட்டுப் படமும் அதில் கிடையாது. தொட்டால் சர்வே எண் மட்டும் வரும். முதலில் அவருடைய மனைப்பிரிவுகளைத்தான் போட்டேன். வேறு ஊர்களில் போட்டவற்றையும் சேர்த்து மொத்தம் ஆறு. இதில் எனக்கு வெட்கம் இல்லை.

அவர் போன் செய்தார். "என்ன தங்கச்சி, என்னத்துக்கு இப்படிப் பின்னாலயே வார?"

"சர்வே மேப்புல இருக்கிறதத்தான் போட்டிருக்கேன் அண்ணாச்சி. தப்பா இருந்தா சொல்லுங்க, திருத்திருதேன்."

அவர் போனை வைத்துவிட்டார். அன்று மத்தியானம் நான் கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டேன்.

அக்கா நான்கு மாதம் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொண்டுபோனேன். மகள் வந்து வாங்கிக்கொண்டாள், அக்கா பின்கட்டிலேயே இருந்தாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை பகலில் கதவைத் தட்டும் சத்தம். அக்கா நின்றாள். கூட அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி. அக்கா உட்காரவில்லை. ஒரு துண்டுத்தாளை மேசைமேல் வைத்தாள். சர்வே எண்.

"இவுங்க இங்க இடம் பாத்திருக்காங்க. என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை, ஏளா என்றும் கூப்பிடவில்லை.

லேப்டாப்பைத் திறந்து எண்ணைத் தேடினேன். அந்த டீச்சர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். குளத்துக் கால்வாய் ஒன்று அந்த இடத்தின் தென்மூலையை உரசிக்கொண்டு போயிற்று. திரையை அக்கா பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினேன்.

"இந்த மூலைல கால்வாய் இருக்கு. மண்ணு மூடியிருக்கும், நேர்ல பாத்தா தெரியாது. தண்ணி வரும். வாங்கக் கூடாது."

அக்கா குனிந்து அந்த நீலத்தைத் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பெட்டி திறந்தது. உள்ளே எண்ணை மட்டும் வாசித்தாள். "யாரு விக்காங்க அந்த இடத்த?" என்று டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் பெயரைச் சொன்னாள். வேறு ஒரு வியாபாரி, எங்களுக்குத் தெரியாதவர்.

"அவரையும் போடு" என்றாள் அக்கா என்னிடம்.